பட்டு செக்‌ஷன் பொன்மணிக்கு எல்லாம் நார்மல்

ஒரு பட்டுப் புடவையைத் தோளில் போட்டு, கொசுவம் பிடித்து, முந்தானையை விசிறிக் காட்ட பொன்மணிக்கு எட்டு விநாடி போதும். தி.நகரில் அந்த ஐந்து மாடி ஜவுளிக்கடையின் பட்டு செக்‌ஷனில் பதினான்கு வருஷமாக அவள் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். காலை ஒன்பதரைக்கு நின்றால் சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்கு பத்து நிமிஷம், மற்றபடி கால்தான். கல்யாணப் புடவைக்கு வரும் கூட்டத்தில் அவள் மணப்பெண்ணைப் பார்க்கவே மாட்டாள். ஓரமாக ஒரு அத்தையோ பெரியம்மாவோ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாளே, அவளைத்தான் பார்ப்பாள். அந்த அத்தை தலையாட்டினால் வியாபாரம் முடிந்தது. மயிலாப்பூரிலிருந்து வருகிற மாமிகள், “பொன்மணி இருக்காளா? அவ இல்லேன்னா நாளைக்கு வரேன்” என்று படியிலேயே நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போன காலம் உண்டு.

அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். பெருவெள்ளம் வந்த வருஷத்துக்கு அப்புறம் ஊருக்கு வெளியே ஒரு பெரிய குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். அங்கிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தாலும் ஒரு நாள்கூட அவள் தாமதமாக வந்ததில்லை. புருஷன் செம்பியன் பெயின்டர். நல்ல வேலைக்காரன், கோபக்காரன். பெண் தமிழ்நிலா ஒன்பதாம் வகுப்பு. பொன்மணிக்கு முப்பத்தாறு வயது. உடம்பு இரும்பு என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

இரும்புதான் அவளைப் பதம் பார்த்தது. அந்தக் கடையில் ஒரு வழக்கம். காலை பூஜை முடிந்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைக்கும் வரை ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது. மகாலட்சுமி உள்ளே வரும் முன் வேறு எவரும் நிமிர்ந்து நுழையக் கூடாதாம். முதலாளியின் அப்பா காலத்து ஏற்பாடு. ஆகவே வேலைக்காரர்கள் இருநூறு பேரும் தினமும் குனிந்து, ஒருவர் பின் ஒருவராகத் தவழாத குறையாக உள்ளே போவார்கள். மகாலட்சுமிக்கு இதில் என்ன சந்தோஷமோ, அவளைத்தான் கேட்க வேண்டும்.

ஆடித் தள்ளுபடியின் முதல் நாள். வெளியே ஏழு மணியிலிருந்தே கூட்டம். பின்னால் நின்றவள் தள்ள, குனிந்து போன பொன்மணி ஒரு அடி முன்னாலேயே நிமிர்ந்துவிட்டாள். ஷட்டரின் அடிப்பட்டை உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னால் ணங்கென்று இடித்தது. அப்படியே உட்கார்ந்தாள். கண்ணில் பூச்சி பறந்தது. என்ன கிழமை என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. ஒரு தடவை வாந்தி எடுத்தாள். யாரோ கேன்டீனிலிருந்து காப்பிப் பொடி கொண்டுவந்து காயத்தில் அப்பினார்கள்.

பட்டு செக்‌ஷன் ஃப்ளோர் மேனேஜர் ரகுபதி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஓடி வந்தார். ஓடி வந்தவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையைக் கேளுங்கள்.

“ஐயையோ, கோலத்துல ரத்தம்! ஏ, யாராவது தண்ணி கொண்டு வாங்க. நல்ல நாளும் அதுவுமா என்ன அபசகுனம் இது!”

கோலத்தைக் கழுவி, வேறு கோலம் போட்ட பிறகுதான் அவருக்குப் பொன்மணி ஞாபகம் வந்தது. பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனார். வழியிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

“இங்க பாரு பொன்மணி. கடையில அடிபட்டுதுன்னு சொன்னா போலீசு, கேசு, லேபர் ஆபீசுன்னு வந்துரும். வீட்டுப் படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

“சரி அண்ணாச்சி” என்றாள் அவள். அந்த ஒரு சரி அவளை எத்தனை மாசம் படுத்தப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்! நர்சிங் ஹோமில் ரெண்டு தையல் போட்டார்கள். மயக்கம் போட்டீர்களா என்று கேட்டதற்கு ரகுபதியே இல்லை என்றார். அப்படியானால் சின்ன அடிதான், ஸ்கேன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் பொன்மணி கவுன்டரில் நின்றாள். தலையில் பிளாஸ்திரியோடு அன்று பதினோரு புடவை விற்றதை அவள் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டாள். வீட்டில் செம்பியன் கேட்டபோது பஸ் கம்பியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். கடை என்று சொன்னால் அவன் கடைக்கே வந்து ரகுபதியின் சட்டையைப் பிடிப்பான், வேலை போகும். அந்தப் பயம்.

பத்து நாளில் தையல் பிரித்தார்கள். அடிபட்டதையே அவள் மறந்துபோனாள்.

மூன்று மாதம் கழித்து, தீபாவளிக் கூட்டத்தில்தான் முதலில் தெரிந்தது. மத்தியானத்துக்கு மேல் கால் நிற்கவில்லை. ஏசிக் குளிர் எலும்பில் ஏறியது. புரட்டாசி வெயிலில் வெளியே எல்லோரும் வேர்த்து ஊற்றிக்கொண்டு வர, அவள் உள்ளே சால்வை போர்த்திக்கொண்டு நின்றாள். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. எந்த அலமாரியில் எந்தப் புடவை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொன்னவள், மாம்பழக் கலர் பட்டைத் தேடி அரை மணி நேரம் நின்றாள். சாப்பாடு பிடிக்கவில்லை. ஆனால் முகம் மட்டும் ஊதிக்கொண்டே போனது. பஸ்ஸில் தூங்கி நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

கோபமும் வந்தது. முப்பது புடவை புரட்டிவிட்டு ஒன்றும் பிடிக்கவில்லை என்ற ஒரு அம்மாளிடம், “எடுக்கறதுன்னா எடு, இல்லன்னா கெளம்பு” என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய் அவளுடையதுதான் என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை. அந்த அம்மாள் நேராகப் போய் ரகுபதியிடம் புகார் சொன்னாள்.

விற்பனைக்காரர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. அந்தக் கடையிலும் செக்‌ஷனுக்கு ஒரு ஸ்டூல் இருந்தது. பொன்மணி அதில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், ரகுபதிக்கு ஆவேசமே வந்தது.

“ஏம்மா, கஸ்டமர் நிக்காங்க, நீ மகாராணி மாதிரி உக்காந்திருக்கியே! அது இன்ஸ்பெக்டர் வந்தா காட்டுததுக்கு. தெரியும்லா?”

“உடம்பு முடியல அண்ணாச்சி.”

“பதினாலு வருசம் முடிஞ்ச உடம்பு இப்ப திடீர்னு முடியலியா? எல்லாம் நடிப்பு. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்.”

அடுத்த நாள் ஸ்டூலைக் காணோம். குடோனுக்கு அனுப்பிவிட்டார் புண்ணியவான்.

பொங்கல் முடிந்தபோது அவள் கடைசியாக வீட்டுக்கு விலக்காகி நாலு மாதம் ஆகியிருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் செம்பியனின் அக்கா சுலோச்சனா அதே குடியிருப்பில் கீழ் மாடியில் இருக்கிறாளே, அவள் கண்ணுக்கு எது தப்பும்? ஊதின முகம், காலையில் குமட்டல், எப்போதும் படுக்கை. மாடிப்படியில் வைத்தே, நாலு பேர் காதில் விழ, கேட்டாள்.

“எத்தினி மாசம்டி?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா.”

“யார் கைல கத வுடுற? நான் மூணு பெத்தவ.”

செம்பியன் அதற்கு முந்தின ரெண்டு மாதம் வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்து பெயின்டிங் வேலையில், அங்கேயே படுத்து அங்கேயே எழுந்துகொண்டிருந்தான். சுலோச்சனா விரல் விட்டுக் கணக்குப் போட்டுத் தம்பியிடம் சொன்னாள். அவன் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றான்.

“எனுக்குத் தெரியாம இன்னாமே நடக்குது?”

பதினாறு வருஷம் குடும்பம் நடத்தினவன் கேட்ட கேள்வி! பொன்மணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சண்டை போட அவளுக்குத் தெம்பு இல்லை. சுலோச்சனாவே மெடிக்கலுக்குப் போய் கர்ப்பம் சோதிக்கிற பட்டையை வாங்கிவந்து, பாத்ரூம் கதவுக்கு வெளியே காவல் நின்று, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கோடுதான், கர்ப்பம் இல்லை. அதற்காவது வாயை மூடினாளா? “அப்ப நின்னே பூட்ச்சாடி? முப்பத்தாறுல கெழவியா?” என்று சிரித்தாள். செம்பியன் சந்தேகத்தை விட்டான், ஆனால் பேச்சையும் விட்டான். வேலைக்குப் போவான், வருவான், சோற்றைப் போட்டுத் தின்பான். தமிழ்நிலாகூட ஒருநாள் தோழியிடம் போனில், “எங்கம்மா எப்பப் பாத்தாலும் தூங்கிக்கினே கீது, சுத்த சோம்பேறி” என்று சொன்னது பொன்மணி காதில் விழுந்தது. போர்வைக்குள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறு ஆடியில் கடையிலேயே மருத்துவ முகாம் நடந்தது. பிரஷர் பார்த்த பெண், “தொண்ணூறுதான் இருக்கு, கொதிப்பே இல்ல, குடுத்து வெச்சவங்கக்கா” என்றாள். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டுக்கு ஒரே ஒரு பரிசோதனை செய்தார்கள். நாலு நாளில் காகிதம் வந்தது. ரகுபதி அதைக் கையில் ஆட்டிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் படித்தார்.

“எல்லாம் நார்மல்னு போட்டிருக்கான். சுகர் நார்மல், தைராய்டு நார்மல். உடம்புல ஒரு கோளாறும் கிடையாது. தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேலயும் இப்படியே இருந்தா நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிரு.”

நார்மல்! அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் பொன்மணி என்ன செய்திருப்பாளோ. ஏதாவது ஒரு நோய் பெயரை எழுதியிருந்தால் அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். வேலை போனால் அப்புறம் அவள் யார்? அந்த வீட்டில் அவளுக்கு மிச்சமிருந்த மரியாதை, தினமும் குளித்துச் சீருடைப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறாளே, அது ஒன்றுதான். அதுவும் போனால் சுலோச்சனா சொல்வதுதான் உண்மை, ரகுபதி சொல்வதுதான் உண்மை.

தீபாவளி நெருங்கும்போதுதான் அந்தக் காகிதம் சுலோச்சனா கண்ணில் பட்டது; அவளுக்குத் திடீரென்று இரக்கம் பொங்கிவிட்டது. அவள் திட்டினால்கூடத் தாங்கலாம், இரக்கப்பட்டால் ஆபத்து.

“ரிப்போர்ட்டு கெடக்குது, தூக்கிப் போடு. எனுக்கும் இப்டியேதான் இருந்துச்சு. குளுரும், தூக்கம் வரும், மூஞ்சி வீங்கும். தைராய்டேதான். நான் துன்ற மாத்தரய நீயும் துன்னு. எனுக்கு ஆஸ்பத்திரில ரெண்டு மாசத்துக்கு ஒண்ணா குடுத்துக்கீறாங்க.”

நம் ஜனங்களுக்கு மாத்திரை என்றால் வெற்றிலை பாக்கு. ஒரே மாதிரி உடம்பு வலித்தால் ஒரே மாத்திரை. பொன்மணியும் வேறு வழி தெரியாமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். முதல் மூன்று நாள் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. அப்புறம் வயிறு புரட்ட ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஒன்பதாம் நாள், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று மாடியைச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி வேலைக்குப் போனாள். அன்றைக்கு வராவிட்டால் வரவே வேண்டாம் என்று ரகுபதி சொல்லியிருந்தார்.

பதினோரு மணிக்கு ஒரு குடும்பம் வந்தது. அரக்குப் பட்டைத் தோளில் போட்டாள். கொசுவம் பிடிக்கக் கை வரவில்லை. புடவையோடு கவுன்டருக்குப் பின்னால் சரிந்தாள்.

“எந்திரி! ஏ பொன்மணி, எந்திரி! கூட்ட நேரத்துல நடிக்காத!” ரகுபதி கத்தினார்.

புடவை வாங்க வந்த பெரியவர் ஒருவர் குனிந்து கையைத் தொட்டுப் பார்த்தார். ஐஸாக இருந்தது. “யோவ், மனுஷனாய்யா நீ? ஆம்புலன்ஸைக் கூப்பிடுய்யா!” என்று அவர் போட்ட சத்தத்தில் மாடியே திரும்பிப் பார்த்தது.

பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ரகுபதியும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் அங்கே என்ன சொல்லப் போகிறாளோ என்கிற பயம். பிரஷர் அறுபதுக்கு வந்திருந்தது, சர்க்கரை தரையில் கிடந்தது. கையில் ரெண்டு பக்கமும் ஊசி குத்திக் குளுக்கோஸும் உப்புத் தண்ணீரும் ஏற்றினார்கள். செம்பியன் சட்டை நிறைய பெயின்டோடு ஓடி வந்தான்.

டாக்டர் ஜஹீதா அன்றைக்கு அங்கே பொறுப்பில் இருந்தவர். கேள்வி மேல் கேள்வி கேட்கிற ஆள்.

“என்ன மாத்திரை சாப்பிடறாங்க?”

“தைராய்டு மாத்தர மேடம்” என்றான் செம்பியன். “எங்கக்கா துன்றது. அதான் குட்த்துச்சு.”

“உங்க அக்கா மாத்திரையா!” டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “சரி. மாதவிடாய்?”

செம்பியன் தலையைக் குனிந்துகொண்டான். “ஒரு வருசமா இல்ல.”

“தலையில எப்பவாவது அடிபட்டுதா?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர்” என்று ரகுபதி முந்திக்கொண்டார்.

“பட்டுச்சே மேடம்” என்றான் செம்பியன். “போன வருசம் ஆடில. பஸ்ல கம்பில இட்ச்சிக்கினா.”

டாக்டர் பொன்மணியின் தலைமயிரை விலக்கிப் பார்த்தார். தழும்பு விரல் நீளத்துக்கு இருந்தது. ரகுபதிக்கு வேர்த்துவிட்டது. “ஆமா ஆமா, இப்பதான் ஞாபகம் வருது. வீட்டுப் படியில வழுக்கி விழுந்தாங்க. அப்பவே நான்தான் தையல் போடக் கூட்டிட்டுப் போனேன்.”

“வூட்டுப் படியிலயா?” செம்பியன் அவரைப் பார்த்தான். “எங்க வூட்ல எவன் வியுந்தான்? நீ எப்டிய்யா தையல் போட இட்டுக்கினு போன?”

டாக்டர் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பொன்மணியிடம் குனிந்தார். “நீங்க சொல்லுங்கம்மா. எங்க அடிபட்டுது? அப்ப வாந்தி, குழப்பம் ஏதாவது இருந்துதா? இது எனக்கு ரொம்ப முக்கியம்.”

பொன்மணிக்கு எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது. சொன்னால் வேலை போச்சு என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ரகுபதி கட்டிலுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். அந்தக் கண்ணைப் பார்த்ததும்தான் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது.

“கட ஷட்டர்ல மேடம். பூஜ டைம்ல. வாந்தி எடுத்தேன். நாளு கெயம தெரில. இந்த ஆளுதான் வெளிய சொல்லாதன்னான்.”

பதினான்கு வருஷம் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய் அது. செம்பியன் ரகுபதியின் சட்டையைப் பிடித்தான். டாக்டர், “ரெண்டு பேரும் வெளிய போங்க!” என்று கத்திவிட்டு, நர்ஸிடம் ரத்தம் எடுக்கச் சொல்லி, கையோடு ஒரு ஊசியும் போடச் சொன்னார். சாயங்காலம் பிரஷர் ஏறியது. பொன்மணி கண்ணைத் திறந்து டீ கேட்டாள்.

நாலு நாள் கழித்து எல்லா ரிசல்டும் வந்த பிறகு டாக்டர் ஜஹீதா கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது, பிட்யூட்டரி என்று பெயர். தைராய்டு, சினைப்பை, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி எல்லாவற்றுக்கும் வேலை சொல்வது அதுதான். தலையில் அடிபடுகிற பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு, அடி சின்னதாக இருந்தாலும், அந்தச் சுரப்பி மாசக்கணக்கில் மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும்.

“முகாம்ல பார்த்த டெஸ்ட், தைராய்டுக்கு மேலேர்ந்து வர்ற உத்தரவைத்தான் பார்க்கும். தைராய்டு குறைஞ்சா அந்த உத்தரவு ஏறணும்; உங்களுக்கு உத்தரவு போடற இடமே கெட்டுப்போனதால ஏறல. அதனால அந்த ஒரு டெஸ்ட் நார்மல்னு காட்டும். உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற வேற ஒரு ஹார்மோனும் உங்களுக்கு ரொம்பக் குறைஞ்சுபோச்சு; அன்னிக்கு ஊசியா போட்டது அதைத்தான். அதைக் கொடுக்காம தைராய்டு மாத்திரையை மட்டும் போட்டதால இருந்த கொஞ்ச நஞ்சமும் காலியாயிடுச்சு. இன்னும் ஒரு நாள் போயிருந்தா நான் உங்ககூடப் பேசிட்டிருக்க மாட்டேன்.” தினமும் மாத்திரை, காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு, ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, அனேகமாக ஆயுசுக்கும் வேண்டியிருக்கும் என்றார். “வீட்ல சும்மா வழுக்கி விழுந்ததா எழுதி, அந்த வாந்தியும் குழப்பமும் தெரியாமப் போயிருந்தா இதெல்லாம் யாருக்கும் தோணியிருக்காதும்மா.”

“கட ஷட்டர்ல அடிபட்டுச்சுன்னே எழுதிக் குடுங்க மேடம். நான் லேபர் ஆபீஸ் போவப் போறேன்” என்றாள் பொன்மணி. அன்று காலைதான் கடையிலிருந்து போன் வந்திருந்தது. உடம்பைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள், பட்டு செக்‌ஷனில் வேறு ஆள் போட்டாகிவிட்டதாம். பொன்மணி போனில் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பக்கத்துக் கட்டில் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் செம்பியனோடு சுலோச்சனாவும் வந்தாள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். “நான் அப்பவே சொன்னேனே, ஒடம்புல என்னமோ கீதுன்னு!” என்று ஆரம்பித்தாள்.

“எயுந்து வெளிய போ” என்றாள் பொன்மணி.

“இன்னாடி இது, பாக்க வந்தவள...”

“போன்னு சொன்னேன். எனுக்கு இப்ப கத்தறதுக்குத் தெம்பு வந்துட்ச்சு. கத்த வைக்காத.”

சுலோச்சனா முணுமுணுத்துக்கொண்டே வராந்தாவுக்குப் போனாள். செம்பியன் ஆஸ்பத்திரிக் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான். ரெண்டு தடவை படித்தான்.

“அப்ப நெசமாவே ஒடம்புலதான் கீதா?” என்றான் மெதுவாக. “நீ ஒண்ணும்...”

“நடிக்கலியான்னு கேளு. வாயத் தொறந்து கேளேன்.”

“மன்னிச்சிக்கமே. தெரியாம பூட்ச்சு.”

“ஒரு வருசமா முடியல முடியலன்னு உன் பக்கத்துலயே படுத்துக்கினு சொன்னேன். அது உனுக்குக் கேக்கல. பேப்பரு சொன்னா மட்டும் நம்புற. நீயும் அந்த ரகுபதியும் ஒண்ணுதான்யா.”

அவன் காகிதத்தை மடித்தான், மறுபடி பிரித்தான். இன்னும் திட்டலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

“உன்ன மட்டும் சொல்லி இன்னாய்யா. கடேசில எனுக்கே சந்தேகம் வந்துட்ச்சு. காலைல கண்ணத் தொறக்க முடியாம கெடக்கும்போது நானே என்னக் கேப்பேன், ஏண்டி பொன்மணி இப்டி நடிக்கிறன்னு. கன்னத்துல அட்ச்சிக்கினு எயுந்திருப்பேன்யா. சாவற ஒடம்ப அட்ச்சி எயுப்பி வேலைக்கு இஸ்துகினு போனேன்.”

ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளில் ஊசிக்கும் அழாதவள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். செம்பியன் கையில் காகிதத்தோடு கட்டில் பக்கத்திலேயே நின்றான்.